கேட்டு ஊற்றும் தேத்தண்ணி

1

"வீட்டுச் செலவைக் குறைக்கிறது எப்பிடி எண்டு ஒரு கட்டுரை எழுதித் தா. நோர்வேயில இவ்வளவு காலம் சீவிச்சனீ, உனக்குத் தெரியாததோ?"

இப்படித்தான் கேட்டாள் தோழி. எங்கள் பாடசாலையின் பழைய மாணவிகள் வெளியிடும் ஆண்டு மலருக்கு அவள்தான் பொறுப்பு. நான் விடுமுறையில் திருகோணமலைக்கு வந்த செய்தி என் பெட்டிகளைவிட வேகமாக அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

திருகோணமலைப் பெண்களுக்கு நோர்வேயிலிருந்து வந்து சிக்கனம் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். எரிவாயுவுக்கு வரிசையில் நின்றவர்கள் அவர்கள். மின்வெட்டைப் பார்த்துச் சமையல் நேரத்தை மாற்றியவர்களும் அவர்கள்தான். ஆனாலும் எனக்கு எழுத ஆசையாக இருந்தது. சிக்கனம் என்பது கஷ்டத்தில் நான் பழகியது அல்ல, என் சுபாவம். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எனக்கு நித்திரை வராது. என் கணவர் இதைக் காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மின்சாரப் பட்டியல் வரும்போது மட்டும் சிரிக்கமாட்டார்.

உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருக்கும் அக்கா வீட்டில், சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். இந்த முறை நான் வந்ததே அக்காவின் மகள் தர்சினியின் கலியாணப் பேச்சுக்காகத்தான். மாப்பிள்ளை கஜன் மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சானைச் சேர்ந்தவர், ஆசிரியர். பேச்சு எல்லாம் ஒத்துவந்துவிட்டது. அவர்கள் வெள்ளிக்கிழமை வந்து நாள் வைப்பதுதான் மிச்சம். ஆகவே மத்தியானங்களில் எனக்குத் தாராளமாக நேரம் இருந்தது.

முதலில் எழுதியவை இவை. பருப்பையும் கடலையையும் நேரத்தோடு ஊறப் போடுங்கள். சோறு முக்கால்வாசி வெந்ததும் அடுப்பை நூர்த்துவிட்டு, மூடியை இறுக்கி, பானையை ஒரு பழைய துவாயால் சுற்றி வையுங்கள். மீதியை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். கிழமை முழுவதுக்கும் தேவையான உடுப்பை ஒரே இருப்பில் அயர்ன் பண்ணுங்கள். மெல்லிய துணிகளைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால், மின் ஆளியை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்றை முடித்துவிடலாம். பிறிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்துச் சாத்திப் பாருங்கள். தாள் இலேசாக இழுபட்டு வந்தால் கதவின் ரப்பர் பழுதாகிவிட்டது. குளிரும் காசும் அந்த வழியால்தான் போகின்றன.

மீனைப் பற்றியும் எழுதினேன். சந்தையில் பாரைத் துண்டைப் பார்த்து ஏங்கி நிற்காமல், கரைவலை இழுக்கும் நேரத்தில் கடற்கரைக்குப் போய்ச் சூடை, கீரி மாதிரிச் சின்ன மீன் வாங்குங்கள். பெரிய மீன் வாங்கினால் தலையை விட்டுவிட்டு வராதீர்கள். நோர்வேயில் சால்மன் மீனின் தலையைக் கடைக்காரன் எறியப் போனபோது நான் கேட்டு வாங்கினேன். "பூனைக்கா?" என்றான். ஓம் என்றேன். அந்தப் பூனை சொதி வைத்துச் சாப்பிட்டது அவனுக்குத் தெரியாது.

வாழைக்காய்த் தோலை அவித்துச் சம்பல் இடிக்கலாம், பீர்க்கங்காய்த் தோலை வதக்கி அரைக்கலாம். அதற்கும் மிஞ்சிய தோலைக் கேற்றுக்கு வெளியே வைத்தால் தெருவில் திரியும் மான்கள் வந்து தின்றுவிட்டுப் போகும். இந்தக் கடைசிக் குறிப்பு நம் நகரத்துக்கு மட்டும்தான் பொருந்தும் என்று அடைப்புக்குள் எழுதினேன்.

பிறகு என் தலைசிறந்த குறிப்புக்கு வந்தேன். வீட்டுக்கு ஆட்கள் வந்தால், குடிக்கிறீர்களா என்று கேளுங்கள். குடிக்கிறவர்களின் அளவுக்கு மட்டும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். கேட்காமல் ஊற்றி, ஆறி, பிறகு வாசலில் கொட்டப்படும் தேத்தண்ணியில் தேயிலை, சீனி, பால்மா, எரிவாயு நான்கும் சேர்ந்து போகின்றன.

எழுதிவிட்டு எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

2

இந்தக் குறிப்பை நான் சும்மா கண்டுபிடிக்கவில்லை. அடிபட்டுக் கற்றது.

நோர்வேக்குப் போன புதிதில் எங்கள் மாடிக்குக் கீழே இங்கர் என்று ஒரு பெண் இருந்தாள். நல்ல மனுசி. மழையும் பனியும் சேர்ந்து கொட்டிய ஒரு நாள், வீட்டுக்கு வா என்று கூப்பிட்டாள். உள்ளே போனால் கோப்பி மணம், கறுவாப் போட்ட பணிஸ் மணம். கோப்பி குடிக்கிறாயா என்று கேட்டாள். நான் ஊர் வழக்கப்படி, "வேண்டாம், நன்றி" என்றேன்.

அந்த மொழியில் வேண்டாம் என்பதற்கு 'நெய்' என்பார்கள். வந்த முதல் கிழமை கடையில் யாரோ நெய், நெய் என்று சொன்னதைக் கேட்டு, பசு நெய் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தேடியவள் நான். இங்கரிடம் நான் சொன்ன நெய்யும் அதே மாதிரிப் பிழைத்தது. அவள் சரி என்று தலையாட்டிவிட்டுத் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு வந்து எதிரே இருந்தாள். பணிசும் அவளுடைய தட்டில் மட்டும்தான். இன்னொரு தரம் கேட்பாள், கேட்பாள் என்று முக்கால் மணித்தியாலம் காத்திருந்தேன். கேட்கவில்லை. மேலே வந்து கணவரிடம், "இவ்வளவு நேரம் இருந்தன், வாய் நனைக்கேல்ல" என்று சொல்லி அழுதேன். கோப்பிக்காக அழவில்லை. எனக்கு அங்கே வேறு யாருமில்லை, அதுதான்.

மகள் ஆரணி பிறந்த பிறகும் இதே கதைதான். பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் பூங்காவில் இடம் கேட்டு நகரசபைக் கந்தோருக்குப் போனேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று அந்த அலுவலர் கேட்டார். ஏன் இவருக்குக் கரைச்சல் என்று நினைத்து, நெய் என்றேன். எங்கள் கணக்கில் அது முதலாவது வேண்டாம். இரண்டாம் தரம் வற்புறுத்தும்போது சம்மதிக்கலாம் என்று இருந்தேன். அவர் வற்புறுத்தவில்லை, கணினியில் எதையோ தட்டிவிட்டு மளமளவென்று பேசத் தொடங்கினார். விளங்காதவற்றுக்கெல்லாம் சிரித்துத் தலையாட்டினேன். பிள்ளைக்கு நகரத்தின் மறு எல்லையில், இரண்டு பஸ் மாறிப் போகும் இடம் கிடைத்தது. மாற்றித் தரும்படி எழுதிய போதெல்லாம், நேரில் கேட்டபோது நீங்கள் சம்மதித்தீர்கள், உதவியும் வேண்டாம் என்றீர்கள் என்று மிகவும் மரியாதையாகப் பதில் போட்டார்கள். அந்தப் பனிக்காலம் முழுவதும் தள்ளுவண்டியோடு பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு முடிவு எடுத்தேன். இனி வேண்டும் என்றால் வேண்டும் என்பேன். மற்றவர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வேன்.

அந்த முடிவில் இருந்து நான் அசையவில்லை. அங்குள்ள எங்கள் ஆட்களுக்கும் அது தெரியும். "சாந்தி அக்கா வீட்டை போனால் முதல் தரமே ஓம் எண்டு சொல்லிப்போடோணும், இல்லாட்டிப் பட்டினிதான்" என்று என் முகத்துக்கு நேரேயே பகிடி பண்ணுவார்கள். பண்ணிவிட்டு ஓம் என்பார்கள். என் வீட்டில் ஒரு கோப்பைத் தேத்தண்ணிகூட வீணாகப் போனதில்லை.

3

கச்சான் காற்று அனலாக அடித்த ஒரு மத்தியானம், வாசலில் ஓட்டோ வந்து நின்றது. அக்கா அம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். தர்சினி வேலையில், அக்காவின் கணவர் துறைமுகத்தில். நான் மட்டும் மேசையில் இருந்து, கடைசிக் குறிப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

இறங்கியவர்கள் கஜனின் தாய் புவனேஸ்வரி அக்காவும் அவருடைய தம்பியும். தாய்மாமன் என்ற முறையில் பேச்சில் எல்லாம் முன்னுக்கு நிற்கிறவர் அவர்.

"வாங்கோ, வாங்கோ. இருங்கோ" என்று கதிரைகளை இழுத்துப் போட்டு, மின்விசிறியைக் கூட்டிவிட்டேன்.

"கச்சேரிக் கந்தோருக்கு ஒரு காணி அலுவலா வந்தனாங்கள்" என்றார் புவனேஸ்வரி அக்கா. "இவ்வளவு கிட்ட வந்திட்டு உங்களைப் பாக்காமப் போறதோ எண்டு வந்தம்."

"நல்லதாப் போச்சு. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

"சீச்சீ, வேண்டாம் பிள்ளை. உங்களுக்கு ஏன் கரைச்சல்? இப்பதான் குடிச்சனாங்கள்."

"அண்ணை, நீங்கள்?"

"எனக்கும் வேண்டாம் தங்கச்சி."

"சரி" என்று சொல்லிவிட்டு நானும் இருந்தேன்.

புவனேஸ்வரி அக்கா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்ததைக் கண்டேன். வெயில் என்று நினைத்தேன். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. என் எழுத்தைப் பற்றி யாராவது கேட்டால் நான் சுருக்கமாகச் சொல்லி விடுகிற ஆள் இல்லை. தாளை எடுத்து முதலில் இருந்து வாசித்தேன். துவாய் சுற்றிய பானை, பிறிட்ஜ் ரப்பர், சால்மன் தலை எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். கேட்டு ஊற்றும் தேத்தண்ணிக் குறிப்பையும், நான்கு பொருள் வீணாகும் கணக்கையும், நல்ல குரலில் வாசித்து முடித்தேன்.

"நல்ல விசயம்" என்றார் புவனேஸ்வரி அக்கா.

தம்பி தொண்டையைச் செருமினார். கொஞ்ச நேரத்தில், "அப்ப போட்டு வாறம்" என்று எழுந்துவிட்டார்கள். நான் கேற்வரை போய் வழியனுப்பினேன்.

4

"ஆர் வந்திட்டுப் போனது? கதிரையெல்லாம் இழுபட்டுக் கிடக்கு" என்று கேட்டுக்கொண்டே அக்கா உள்ளே வந்தாள்.

"கட்டைபறிச்சான் ஆக்கள். தாயும் தாய்மாமனும்."

அக்காவின் முகம் மலர்ந்தது. "எட, நான் இல்லாத நேரம் பாத்து! என்ன குடுத்தனீ?"

"ஒண்டும் குடுக்கேல்ல. கேட்டனான், வேண்டாம் எண்டிட்டினம்."

"எத்தினை தரம் கேட்டனீ?"

"ஒருக்கா."

"ஒருக்காவோ?"

அக்கா கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு எழுந்து, சாப்பாட்டு மேசைக்கு அருகே இருந்த சுடுதண்ணிப் போத்தலைத் திறந்தாள். ஆவி வந்தது.

"காலமை கொதிக்க வைச்சு நிரப்பி வைச்சனான், ஆரும் வந்தால் உதவும் எண்டு. உன்ர முதுகுக்குப் பின்னால இருந்தது. அடுப்பு மூட்டுற வேலைகூட உனக்கு இல்லையேடி."

நான் மிச்சம் பிடித்தது எதை என்று எனக்கே விளங்கவில்லை. தண்ணீர் கொதித்துத்தான் இருந்தது. சீனியும் தேயிலையும் மட்டும் வேண்டியிருந்தன.

முதலில் எனக்கு வந்தது கோபம். வளர்ந்த மனிதர்கள், வாயைத் திறந்து ஓம் என்று சொன்னால் என்ன? நான் நேராகக் கேட்டேன், அவர்கள் நேராகச் சொல்லியிருக்கலாம். இதை அக்காவிடம் சொன்னேன். அவள் கதிரைகளைப் பழைய இடத்தில் எடுத்து வைத்தாள். அந்த வெறும் கதிரைகளைப் பார்த்தபோதுதான் இங்கர் வீட்டில் நான் இருந்த இருப்பு நினைவுக்கு வந்தது. பிறகு கோபம் நிற்கவில்லை, வெட்கம் வந்தது.

அடுத்த நாள், பேச்சை நடத்திய ரீச்சர் தொலைபேசி எடுத்தார். வெள்ளிக்கிழமை வரமாட்டார்களாம். கொஞ்சம் யோசிக்க வேண்டுமாம்.

"புவனேஸ்வரி அக்கா ஒண்டும் சொல்லேல்ல" என்றார் ரீச்சர். "தம்பிக்காரன்தான் விடாப்பிடியா நிக்கிறார். அந்த வீட்டில வாய் நனைக்கேல்ல, நாளைக்கு எங்கட பிள்ளை போனாலும் கேட்டுத்தான் சோறு போடுவினம் எண்டுறார். போதாக்குறைக்கு ஏதோ எழுதி வாசிச்சும் காட்டினவவாம்."

5

அன்று பின்னேரம் ஆரணி நோர்வேயிலிருந்து காணொளியில் வந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுடைய தமிழ் பெரும்பாலும் என்னுடைய சிக்கனத்தில் இருந்து வந்தது. விளக்கை நூர், கதவைச் சாத்து, கொட்டாதே, காணும் என்ற சொற்களில் அவளுக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. நடந்ததைச் சொன்னேன்.

"அம்மா, அவை வேண்டாம் எண்டு சொன்னவைதானே? பிறகென்ன?"

"அது வேண்டாம் இல்லை பிள்ளை. அது மரியாதைக்குச் சொல்லுறது."

"அப்ப பொய் சொன்னது அவை. நீங்கள் ஏன் கவலைப்படுறியள்?"

அது பொய் இல்லை என்று எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? தமிழில் சொன்னால் அவளுக்குச் சொல் போதாது, நோர்வே மொழியில் சொன்னால் அந்த மொழிக்கே இது விளங்காது. என் வீட்டில் முதல் தரமே ஓம் என்று சொல்லி வளர்ந்த பிள்ளை. அதில் எனக்கு எப்போதும் பெருமைதான். அன்று மட்டும், அவளைக் கையைப் பிடித்து இந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டாலும் உள்ளே வரத் தெரியாமல் நிற்பாளே என்று நெஞ்சு கனத்தது.

தர்சினி என்னை ஒரு சொல் சொல்லவில்லை. வேலையால் வந்தாள், முகம் கழுவினாள், எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கேட்கவில்லை. பக்கத்தில் இருந்து கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"சின்னம்மா, எனக்கு அவரை விருப்பம்" என்றாள். "பேச்சு வந்த பிறகுதான் கதைச்சனாங்கள். ஆனா இப்ப விருப்பம். அவர் தாயைத் தாண்டி ஒண்டும் செய்யமாட்டார். செய்யச் சொல்லி நானும் கேக்கமாட்டன்."

அவள் அழுதிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

"நான் நாளைக்குக் கட்டைபறிச்சானுக்குப் போறன்" என்று அக்காவிடம் சொன்னேன்.

"போய் என்னத்தைச் சொல்லப்போறாய்?"

"மன்னிப்புக் கேக்கிறன்."

"என்னெண்டு? உங்களுக்குத் தேத்தண்ணி தராமல் விட்டிட்டன் எண்டோ? அப்ப அவை தேத்தண்ணிக்கு ஆசைப்பட்டு வந்தவை எண்டு நீ முகத்துக்கு நேரே சொல்லுறமாதிரி. இருக்கிற கொஞ்சமும் போயிடும்."

அக்கா சொன்னது சரி. இது மன்னிப்புக் கேட்டுத் தீர்க்கும் பிழை இல்லை. சொன்னாலே கூடிவிடும். ஆனாலும் நான் போவதென்றால் போவதுதான். தள்ளுவண்டியோடு பனியில் பஸ்ஸுக்கு நின்று பழகியவள், வெயிலில் நிற்கமாட்டேனா?

அக்கா கடைசியில் விட்டுக்கொடுத்தாள். பயற்றம் உருண்டை பிடித்து ஒரு ரின்னில் அடுக்கித் தந்தாள். புத்தியும் சொன்னாள்: "அங்க ஏதும் தந்தால் ரெண்டு தரம் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு, மூண்டாந் தரம் வாங்கிக் குடி. மறந்து கிறந்து போயிடாதை."

படுக்கப் போகுமுன் ஆண்டு மலர்க் கட்டுரையை எடுத்தேன். தேத்தண்ணிக் குறிப்பை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். வெட்டவில்லை. வீணாவது வீணாவதுதான், அதில் நான் மாறப்போவதில்லை. ஆனால் கீழே இன்னொன்று சேர்த்தேன். காலையில் ஒரே முறையாகத் தண்ணீர் கொதிக்க வைத்து, சுடுதண்ணிப் போத்தலை நிரப்பி, ஆட்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். நாளுக்கு நாலைந்து தரம் அடுப்பு மூட்டும் செலவு மிச்சம். யாரிடமும் எதையும் கேட்கவும் வேண்டியிராது.

6

முன்பெல்லாம் கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடந்துதான் மூதூர்ப் பக்கம் போவோம். இப்போது பாலங்கள் வந்துவிட்டன. கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறியபோது காற்று நன்றாக இருந்தது. அதைக் கடந்ததும் வெக்கை மறுபடி பிடித்துக்கொண்டது. மூதூரில் இறங்கி ஓட்டோ பிடித்துக் கட்டைபறிச்சானுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. வழியில் சோடா வாங்கியிருக்கலாம். வீண் செலவு என்று வாங்கவில்லை.

புவனேஸ்வரி அக்கா என்னைக் கண்டதும் திகைத்தார். ஆனாலும் முகம் கோணாமல் விறாந்தையில் கதிரை போட்டுத் தந்தார். தம்பி பக்கத்து வளவில் இருந்து வந்தார், வாங்கோ என்று ஒரு சொல் சொன்னார், எதிரே இருந்து பேப்பரை விரித்துக்கொண்டார். கஜன் பள்ளிக்கூடத்தில் இருந்து இன்னும் வரவில்லை.

பயற்றம் உருண்டை ரின்னைக் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தார். வயலுக்குத் தண்ணீர் விட்டது பற்றிக் கதைத்தோம். பசளை விலை பற்றிக் கதைத்தோம். காணி அலுவல் முடிந்ததா என்று கேட்டேன், இன்னும் இல்லை என்றார். தர்சினியின் பெயரை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. பிறகு கதைக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

புவனேஸ்வரி அக்கா தம்பியின் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

அந்த ஊரில் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். அது என்னுடைய கேள்வி. நான் கொடுத்ததை அப்படியே திருப்பித் தருகிறார். பேப்பர் அசையாமல் நின்றது.

அக்கா சொல்லித்தந்தபடி வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் அவர் இரண்டாம் தரம் கேட்கமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. சரி என்பார். அவர்களும் வாய் நனைக்கவில்லை, நானும் வாய் நனைக்கவில்லை, கணக்குச் சரி என்று எழும்பிப் போக வேண்டியதுதான். தர்சினியின் கலியாணமும் அதோடு எழும்பிப் போய்விடும்.

"ஓம் அக்கா, குடிப்பன்" என்றேன். "பால்தேத்தண்ணியாத் தாங்கோ. சீனியும் நல்லாப் போடுங்கோ. தொண்டை காஞ்சு போச்சு."

பேப்பர் கீழே இறங்கியது. சம்பந்தம் பேசும் வீட்டில், முதல் தரம் வந்த ஒருத்தி, முதல் தரம் கேட்டதுமே ஓம் என்று சொல்லி, சீனிக்கும் அளவு சொன்னதை அவர் தன் ஆயுளில் கண்டிருக்கமாட்டார். புவனேஸ்வரி அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. சிரிக்கத் தொடங்கியவர் கண்ணைத் துடைக்கும்வரை சிரித்தார்.

"இஞ்ச பார் தம்பி, இவ ஓம் எண்டுறா!"

குசினிக்குள் போனவரின் பின்னாலேயே நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. பால்மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டார்.

"உங்கட நாட்டில இப்பிடித்தான் சொல்லுவினமோ?"

"ஓம் அக்கா. ஒருக்காத்தான் கேப்பினம். ஓம் எண்டாத்தான் உண்டு. நான் போன புதுசில அது தெரியாமல், பக்கத்து வீட்டில வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வெறும் வாயோட இருந்திட்டு வந்தனான். அழுதும் இருக்கிறன்."

கரண்டி நின்றது. "நீங்களுமோ?"

"நானும்தான்."

அவர் கோப்பையைக் கழுவி, துடைத்து, தட்டில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தம்பிக்குக் கேட்காமல் சொன்னார்.

"அண்டைக்கு எனக்குச் சரியான தண்ணி விடாய் பிள்ளை. விடியக் காலமை வெளிக்கிட்டு, கச்சேரியில வரிசையில நிண்டு, ஒரு சொட்டும் குடிக்கேல்ல. நீங்கள் வாசிக்க வாசிக்க எனக்குத் தலையைச் சுத்தினது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரே சொல்லிவிட்டதால் இனி நானும் சொல்லலாம்.

"குறை விளங்காதேங்கோ அக்கா. நான் விளங்காமல் செய்து போட்டன். பிள்ளையில ஒரு பிழையும் இல்லை."

"பிள்ளையில பிழை எண்டு ஆர் சொன்னது? அது நல்ல பிள்ளை." தேத்தண்ணியை இரண்டு கோப்பைகளில் மாறி மாறி உயர்த்தி ஆற்றினார். நுரை பொங்கியது. "குடியுங்கோ முதல்."

விறாந்தைக்கு வந்து குடித்தேன். சீனி அளவுக்கு மிஞ்சி இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். தம்பிக்கும் ஒரு கோப்பை வந்தது, அவரிடம் யாரும் கேட்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பயற்றம் உருண்டை ரின்னைத் தானே திறந்து ஒன்றை எடுத்தார்.

"உங்கட அக்காவிட்டச் சொல்லுங்கோ, சொன்னபடி வெள்ளிக்கிழமை வாறம்" என்றார் புவனேஸ்வரி அக்கா. "பத்துப் பன்னிரண்டு பேர் வருவம். ஒருத்தரிட்டையும் கேக்கப்படாது. கொண்டந்து வைக்கவேணும், விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு அக்கா."

தம்பி வாயில் இருந்த உருண்டையை விழுங்கினார்.

"என்னட்டை மட்டும் கேளுங்கோ தங்கச்சி" என்றார். "நான் ஓம் எண்டு சொல்லிப் பாக்கவேணும்."